ஒற்றைக் கோட்டில் அடித்த பெயர்

"வீட்ல புளி இருக்கா?" என்று ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து கேட்டார். "இருக்கு" என்றேன். இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு கடையில் வண்டியை நிறுத்தச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

2021 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை பகல். தார்நாகாவில் என் கணவர் ஜகதீசனுக்குக் கண் பரிசோதனை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவரால் வெயிலைப் பார்க்க முடியவில்லை. அதனால் ஸ்கூட்டரை நான் ஓட்டினேன். எங்களிடம் இருந்தது ஒரே ஹெல்மெட். ஓட்டுகிறவளுக்குத்தான் வேண்டும் என்று அதை என் தலையில் மாட்டி, வாரையும் அவரே இழுத்து விட்டிருந்தார்.

யூ-டர்ன் இன்னும் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. டிவைடரில் ஓர் இடைவெளி. அதில் நுழைந்து ஐம்பது மீட்டர் எதிர்த்திசையில் போனால் எங்கள் குவார்ட்டர்ஸ் தெரு. ராங் ரூட்தான். எல்லோரும் போவார்கள், நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்கு எதிரே ஒரு வேன் வந்தது. வண்டியை ஒடித்தேன், இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் தலை டிவைடர் விளிம்பில் மோதியது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

வேன்காரர் மேல் தப்பில்லை. அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக என் மேல்தான் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவளும் இறந்தவரின் மனைவியும் ஒரே ஆள் என்பதால், ஸ்டேஷனில் என்னை எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நிற்க வைத்தே எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் வாய்தா. வக்கீல் வெங்கடகிருஷ்ணன் எங்களுக்குத் தூரத்து உறவு. "ஒத்துக்கோம்மா," என்றார். "அபராதம் கட்டிட்டு, ஜட்ஜ் எழுந்து போற வரைக்கும் கோர்ட்ல உக்காந்திருக்கணும். அதான் தண்டனை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். அதோட முடிஞ்சுது."

சீக்கிரம் முடியட்டும் என்பதற்காக மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டியது நான். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பதினோரு மணியிலிருந்து நாலே முக்கால் வரை மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே தண்டனை பெற்ற ஆட்டோ டிரைவர் ஒருவர் மறுகோடியில் குறட்டை விட்டுத் தூங்கினார். ஜட்ஜ் எழுந்ததும் எங்களுக்கு விடுதலை.

ஆனால் அதோடு முடியவில்லை.

விபத்துக்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேப்பில் வேலை பார்த்தவள் நான். விபத்துக்குப் பிறகு ஆறு மாதம் போகவில்லை. அந்த வேலை போனது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகள் தேஜஸ்வினியோடு மல்காஜ்கிரியில் வாடகைக்கு வந்தேன். தீர்ப்புக்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் மூன்று கம்பெனிகளில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றும், சேரும் தேதி சொன்ன பிறகு, ஒரே மாதிரி ஈமெயில் அனுப்பின: பின்னணி விசாரணையில் பாதகமான தகவல். மூன்றாவது கம்பெனிப் பெண் மட்டும் போனில் பேசினாள். "மேடம், அஸ்வினி ஜகதீசன்னு டைப் பண்ணினாலே முதல்ல அந்த ஜட்ஜ்மென்ட்தான் வருது. நான் என்ன பண்ணட்டும்?" என்று தெலுங்கில் கேட்டாள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

தேஜஸ்வினிக்கு அப்போது பதினேழு வயது. "அப்போ பேரை மாத்தும்மா," என்றாள், சிம் கார்டை மாற்றச் சொல்வதுபோல.

"நாப்பது வயசுல என்ன பேர் வைக்கிறது?"

"ஏதாவது. சீரியல் ஹீரோயின் பேரு மட்டும் நக்கோ, வேணாம்."

நான் சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் தேடினாள். நித்யஸ்ரீ ஜகதீசன் என்று அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். கமலா ஜகதீசனுக்குச் சேலத்தில் நினைவஞ்சலி வந்திருந்தது. நீலா ஜகதீசன் என்று தேடியபோது எதுவும் வரவில்லை. "இவங்க ரொம்ப நல்லவங்கம்மா, ஒரு தப்பும் பண்ணல. நீ இவங்களா ஆயிடு," என்றாள். சிரித்தோம். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் சலீம் பாயிடம் போனேன். ரயில்வே காலனித் தமிழர்களுக்கு எழுதிக் கொடுத்தே அவருக்கு உருது கலந்த ஒரு மாதிரித் தமிழ் வந்திருந்தது.

"கைக்கு மேடம், எதுக்கு பேரு மாத்றீங்க? காரணம் நியூமராலஜி போடவா? எல்லாரும் அதான் போட்றாங்க. ஒரு எழுத்து சேத்தா விசா வர்தாம்."

"எனக்கு வேலை வரணும் பாய்."

"ஹவ், சரி. அப்ப நியூமராலஜிதான்."

வேண்டாம், சொந்தக் காரணம் என்று போடுங்கள் என்றேன். வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற வரி வந்ததும் கையை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இருந்தது, முடிந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டு அடித்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு சொல்றேன், கோவம் நக்கோ. கெஜட்ல பழைய பேரும் வரும், புது பேரும் வரும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. அதுல ஒளிய ஜாகா இல்ல மேடம்."

ஒரு தெலுங்குப் பேப்பரிலும் ஓர் இங்கிலீஷ் பேப்பரிலும் விளம்பரம் கொடுத்தேன். கெஜட் அச்சடிக்கும் அரசு அச்சகம் சஞ்சல்கூடாவில் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வழி கேட்டபோது எல்லோரும், "ஜெயில் பக்கத்துல" என்றார்கள். என் வாழ்க்கையில் ஜெயிலுக்கு அவ்வளவு அருகில் போனது பெயர் மாற்றுவதற்குத்தான்.

கெஜட் வந்தது. ஆதார், பான், வங்கி எல்லாம் நீலா ஆயின. அடுத்த மாதமே மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனி கூப்பிட்டது. முன்கூட்டியே நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். முன்பு வேறு பெயர் இருந்ததா? எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா? இரண்டுக்கும் எதிரே ஆம், இல்லை என்று கட்டங்கள்.

"ரெண்டுக்கும் நோ போடு," என்றாள் தேஜஸ்வினி. "இவ்ளோ அலைஞ்சது அதுக்குத்தானே?"

அதற்குத்தான் அலைந்தேன். மறைக்க முடிந்தால் மறைப்பது என்றுதான் சலீம் பாயின் முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் கை வேறு முடிவுக்கு வந்துவிட்டது. பொய் சொல்லி உள்ளே போனால், கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் சொல்லாத பொய்யை வேலைக்காகச் சொல்வதா? இரண்டுக்கும் ஆம் போட்டேன். தீர்ப்பின் நகலையும் கெஜட்டையும் படிவத்தின் மேலேயே பின் செய்தேன்.

"ஐயோ, நீ என்ன லூஸா?" என்றாள். அன்று அவள் என்னோடு சாப்பிடவில்லை.

தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் அனந்தராமன் கும்பகோணத்துக்காரர். முகத்தில் எதுவும் காட்டாத மனிதர். நான் உட்கார்ந்ததும் அவர் முதல் கேள்வி கேட்பதற்குள், "சார், முதல்ல மேல இருக்கிற காகிதத்தைப் படிச்சிடுங்க," என்றேன். படித்தார். நாலு பக்கம். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பேர்ல தேடியிருந்தா எங்களுக்கு இது வந்திருக்காதே?"

"வந்திருக்காது சார்."

"அப்ப எதுக்கு மாத்தினீங்க? மாத்திட்டு எதுக்குக் காட்டறீங்க?"

"இதுவரைக்கும் எல்லா எடத்துலயும் எனக்கு முன்னாடி அந்தத் தீர்ப்பு வந்து உக்காந்துடுச்சு சார். யாரும் என்கிட்ட கேக்கல. இன்னிக்கு நான் முதல்ல வந்துட்டேன். என்ன கேக்கணுமோ கேளுங்க."

அவர் விபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பகுப்பாய்வுக் கருவிகளைப் பற்றி, கரைசல் தயாரிப்பதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார். ஒன்றிரண்டில் தடுமாறினேன், நான்கு வருட இடைவெளி தெரிந்தது. கடைசியாக, புதிதாகச் சேரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"லேப் நோட்ல ரீடிங்கைத் தப்பா எழுதிட்டீங்க. என்ன பண்ணுவீங்க?"

"அழிக்கக் கூடாது, மேலே எழுதவும் கூடாது. ஒரே கோடு போட்டு அடிக்கணும், அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல சரியானதை எழுதி, காரணம், கையெழுத்து, தேதி."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் என் கெஜட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெயர், புதுப் பெயர், தேதி. காகிதங்களை ஒழுங்காக அடுக்கி, "நான் சிபாரிசு எழுதிக் கொடுக்கறேன். மேல இருக்கறவங்க கேள்வி கேப்பாங்க. கேக்கட்டும்," என்றார்.

கேட்டார்கள். இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு தடவையும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில் சொன்னேன். ஐந்து வாரம் கழித்து, ஆறு மாத ஒப்பந்தம், பிறகு பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. தேஜஸ்வினி அதை இரண்டு முறை படித்துவிட்டு, என் டிபன் டப்பாவைத் தேடி எடுத்துக் கழுவினாள்.

முதல் நாள் காலை கேட்டில் செக்யூரிட்டி பெரிய பதிவேட்டைத் திறந்து, தெலுங்கில் பெயர் கேட்டார். நீலா என்றேன். அவ்வளவு நாள் பழகியும் நாக்கு ஒரு நொடி தயங்கியது. எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தி, கணவர் பெயர் என்றார்.

ஜகதீசன் என்றேன்.