நிலைப்படியில் நின்று எண்ணுகிறவர்

என் இடுப்பைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது. நாத்தனார், முதுகெலும்பைக் கையால் சொடுக்கிச் சரிசெய்யும் கைரோபிராக்டர் கட்சி. "ரெண்டே சொடுக்கு, கழுத்துவலி போன இடம் தெரியல" என்றாள். பக்கத்து வீட்டு நர்ஸ் பிசியோதெரபி கட்சி. டாக்டரோ டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இப்படியே விட்டால் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார். இடது கால் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் பேச என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

நடுவர் என் கணவர். கைரோபிராக்டர்தான் என்று தீர்ப்பளித்து, தானே அழைத்துக்கொண்டும் போனார்.

கைரோபிராக்டர் மரியாதையான மனிதர். முகம் வைக்க ஓட்டை விட்ட மேஜையில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தது அவருடைய ஷூ மட்டும்தான். "வீட்ல பாரம் ஏதாவது தூக்குவாங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார். சாதாரண வீட்டு வேலைதான்."

அந்தச் சாதாரண வீட்டு வேலை எழுபத்தெட்டு கிலோ. என் மாமனார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று தினமும் அவரைத் தூக்குவது நான். அப்போது என் கணவர் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார். மூன்றில் நான் தூக்க வேண்டும். ஒரு கை பிடிங்களேன் என்றால், "நான்தான் எண்ணறேனே!" என்பார். மனிதருக்கு உத்தியோகம் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்ட் எல்லாம் இவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது.

அந்த மேஜையிலேயே எழுந்து உட்கார்ந்து நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்று தடவை போனோம். சொடுக்கிய அன்று சாயங்காலம்வரை சுகமாக இருக்கும். மாமனாரைத் தூக்கியதும் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்காம் தடவை நான் வரமாட்டேன் என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன்.

அந்தப் பெண்ணும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். ஆனால் என்னிடம் கேட்டாள். சொன்னேன். "எப்படித் தூக்குவீங்க? மெதுவா, பாதிவரைக்கும் காட்டுங்க" என்று தானே கட்டிலில் உட்கார்ந்து கையைத் தளர்த்திக்கொண்டாள். அவள் கைகளை என் கழுத்தில் போட்டேன். என்னை அறியாமல் "ஒண்ணு, ரெண்டு" என்று வாய் எண்ணியது.

"வீட்ல யாரு எண்ணுவாங்க?"

"அவர்தான்."

"எண்ணும்போது அவர் கை எங்க இருக்கும்?"

"நிலைப்படியில" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, வீட்டில் இன்னொருவர் வந்து தூக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

சீட்டைப் படித்த என் கணவருக்கு முகம் சிவந்தது. "ஆறு வாரமா? அப்ப அப்பாவை யாரு தூக்கறது? இதுக்குத்தான் கைரோபிராக்டர் போதும்னேன். அவர் இப்படியெல்லாம் சொல்லவே இல்லையே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரிடம் போனால் என் வலி தீரும் என்று இவர் பார்க்கவே இல்லை. யாரிடம் போனால் நான் அன்றைக்கே தூக்குவேன் என்றுதான் பார்த்திருக்கிறார்.

"எப்படிச் சொல்லுவார்? பெத்த அப்பாவையே அவர்கிட்ட மறைச்சிட்டீங்களே! என் கால் போனாலும் பரவாயில்ல, உங்க கை வலிக்கக் கூடாது, அதானே?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

உள்ளிருந்து மாமனார் குரல் வந்தது. "பாத்ரூம் போகணும்மா."

இவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அவரே உள்ளே போனார். பின்னாலேயே போய் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றேன்.

"முட்டியை மடக்குடா. அவ அப்படித்தான் செய்வா" என்றார் மாமனார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றேன்.

இவர் தூக்கினார். பாதியில் முழங்கால் நடுங்க, கழுத்து நரம்பு புடைக்க, "ஒரு கை பிடியேன்!" என்று அலறினார்.

"நான்தான் எண்ணறேனே!" என்றேன்.