பிரினுக்கு ஏறிய எடை

ஸ்டோய்மென் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் இருபது வருடமாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். பூனைக்கு ஊசி போட மனம் வராமல், போட்டதாகச் சொல்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான இவரும் அந்த ரகம்தான் என்று முடிவு கட்டினேன். அவர் பூனை பிரினுக்கு இன்சுலினை ஒன்பது யூனிட் வரை ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை.

"வேளை தவறாம போடறீங்களா?"

"காலைல ஏழு, சாயங்காலம் ஏழு. என் பஸ்கூட அவ்வளவு கரெக்டா கெளம்பினதில்ல, டாக்டரம்மா." குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் பக்கத்து வீட்டு நெவெனா வேலை. பால்கனி வழியா சீஸ் ரொட்டியா ஊட்டறா."

மறுவாரம் நெவெனாவே வந்து நின்றார். "ஊரெல்லாம் என்னைத் திருடி மாதிரி பேசறாரு. அந்தப் பூனைக்கு நான் கதவு திறந்தே நாலு மாசம் ஆச்சு. மனுஷன் ஊசியைத் தரையில பீச்சறாரோ என்னவோ, யாரு கண்டா?"

யாரை நம்புவது? பிரினை மூன்று நாள் என்னிடமே வைத்துக்கொண்டேன். தீனியும் ஊசியும் என் கையால். சர்க்கரை அசையவில்லை. என் முகத்தில்தான் கரி.

அப்புறம்தான் எடைக்குறிப்பைப் பார்த்தேன். சர்க்கரை அடங்காத பூனை இளைக்க வேண்டும். இது ஒரு கிலோ ஏறியிருந்தது. பழைய படம் கேட்டேன். ஸ்டோய்மென் போனில் காட்டினார். படத்தில் ஒடுங்கிய முகம். மேசைமேல் இருந்ததோ தாடை அகன்று, பாதம் பருத்து, வேறொரு பூனை மாதிரி.

ரத்தப் பரிசோதனையும் தலைநகர் சோபியாவில் எடுத்த ஸ்கேனும் விஷயத்தைச் சொல்லிவிட்டன. மூளைக்கடியில் பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி. அதிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் அளவுமீறிச் சுரந்து, இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கிறது.

"அப்ப நெவெனா...?"

"அவங்க மேல தப்பில்ல. உங்களையும் வீணா சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க."

"நானும்தான். நீங்க மருந்துல தண்ணி கலக்கறீங்கன்னு நெனச்சேன்."

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிரினை வியன்னா வரை அவரே காரோட்டிக் கொண்டுபோனார். இரண்டு மாதத்தில் ஊசி மூன்று யூனிட்டுக்கு இறங்கியது.

மன்னிப்புக் கேட்கப் போனவருக்கு நெவெனா கதவு திறக்கவில்லை. "ஊரெல்லாம் சொன்னீங்கல்ல, இப்பவும் ஊருக்கே சொல்லுங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்ததாம்.

குடியிருப்புக் கூட்டத்தில், பதினாறு வீட்டுக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று ஸ்டோய்மென் எல்லாவற்றையும் சொன்னார். கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த நெவெனா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாராம்.

"சத்தமா!"