தூங்காத கை

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் விடும் குறட்டையில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டால், "நானா? குறட்டையா?" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்.

ஒரு நாள் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கண்டக்டர் தட்டி எழுப்பியிருக்கிறார். விஷயம் டிப்போவுக்குப் போனது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பரிசோதித்து டாக்டர் எழுதித் தரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுவிட்டார்கள். வண்டி இல்லாமல் அவர் வீட்டுக்குள் குட்டிபோட்ட பூனையாகச் சுற்றினார்.

டாக்டரம்மா பட்டன் போல ஒரு சென்சாரைக் கொடுத்தார். "இதை முகவாயில ஒட்டிக்கிட்டு வீட்லயே படுங்க. மூச்சு திணறினா தாடை கீழ இறங்கும். முழிப்புத் தட்டினா டக்குனு மூடிக்கும். எல்லாம் இதுல பதிவாயிடும்."

"பொட்டு இடம் மாறிடுச்சுங்க" என்று ராத்திரி சிரித்துக்கொண்டே ஒட்டிவிட்டேன்.

ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா? என்னமோ ஊரையே கூட்டினியே!"

நான் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டேன். டாக்டரம்மா மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தாடை இறங்க ஆரம்பிச்சதுமே யாரோ கீழருந்து தள்ளிவிட்ட மாதிரி இருக்கே. தானா மூடினா கோடு இப்படி வராது. பக்கத்துல யாரு படுத்திருந்தாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் வந்த பழக்கம் அது. குறட்டை பாதியில் அறுந்தால் என் கை தானாகப் போய் அவர் முகவாயைத் தூக்கிவிடும். அவரும் தலையைத் திருப்பி மூச்சு விடுவார். அன்றைக்கும் தூக்கத்திலேயே செய்து தொலைத்திருக்கிறேன்.

"உங்க கை ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவை எடுக்கணும். நீங்க வேற ரூம்ல படுங்க. என்ன சத்தம் கேட்டாலும் போகாதீங்க."

"இவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அவரே முழிச்சு மூச்சு விட்டுப்பார். நிஜம் தெரியாம பஸ் ஓட்டினாத்தான் ஆபத்து."

அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை கேட்டது. திடீரென்று நின்றது. என் மூச்சும் நின்றது. கை பரபரத்தது. அதை உடம்புக்கு அடியில் போட்டு அதன்மேலேயே படுத்தேன். "விடேன்யா, மூச்சை விடேன்!" என்று சுவரோடு சண்டை போட்டேன். குறட்டை மறுபடி கிளம்பியபோது வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! உடனே மறுபடி நின்றது. அழுதுவிட்டேன். ஆனால் போகவில்லை.

இந்த முறை ரிப்போர்ட் மோசம். அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ பஸ்?"

"மூச்சு நிக்காம காத்து ஊதுற மெஷின் இருக்கு. அதோட மாஸ்க்கைப் போட்டுத் தூங்குங்க. சரியானதும் நானே எழுதித் தர்றேன்" என்றார் டாக்டரம்மா.

மெஷின் வீட்டுக்கு வந்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தார். குறட்டை இல்லை. நான்தான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். பழக்கதோஷத்தில் கை அவர் முகவாய்வரை போய், மாஸ்க்கின் வார் தட்டுப்பட்டதும் திரும்பியது.

"இனிமே இந்தக் கைக்கு என்ன வேலை?" என்று முணுமுணுத்தேன்.

தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ உளறினார், ஒன்றும் புரியவில்லை. என் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். நெஞ்சு ஏறியது, இறங்கியது, நிற்காமல் மறுபடி ஏறியது. அன்றைக்குத்தான் என் கை தூங்கியது.