பார்க்காமல் சொன்ன எண்

"எண்ணு எறங்கிச்சா டாக்டரம்மா?"

தவளக்குப்பத்து மணியம்மாள் ஆய்வகக் கதவில் தலையை நீட்டியபோது, வேலை மும்முரத்தில் டாக்டர் சரிதா நிமிராமலே, "எறங்கிட்டுதாம்மா இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டாள். மணியம்மாளின் கணவர் முருகையனிடம் வாரா வாரம் எடுத்த ரத்தம் அப்போது சோதிக்கப்படாமல் உறைபெட்டியில் கிடந்தது.

அந்த எண்ணைப் பற்றி மணியம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்ததே சரிதாதான். ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றியதில் எதிர்ப்புச் சக்தி குறைந்து, முருகையனின் நுரையீரலில் பூஞ்சை குடியேறியிருந்தது. பழைய சுவர் சுண்ணாம்பை உதிர்ப்பதுபோல, வளரும் பூஞ்சை தன் மேலுறையிலிருந்து ஒருவகைச் சர்க்கரையை ரத்தத்தில் உதிர்க்கும். சோதனைக் குழியில் அது மஞ்சளாகத் தெரியும். மஞ்சளின் அழுத்தம்தான் எண். வாரா வாரம் வெளுத்தால் பூஞ்சைக்கான மருந்து கேட்கிறது. அழுத்தமானால் கேட்கவில்லை.

ஆனால் ஒருவருக்காக, குழிகள் வரிசையாக உள்ள சோதனைப் பட்டையைப் பிரித்தால், சரிபார்க்க வைக்கும் ஒப்பீட்டுக் குழிகளுக்கே பாதி போய்விடும். அதனால் ஆள் சேரட்டும் என்று ரத்தத்தை உறையவைத்துக் காத்திருப்பார்கள். அந்த வழக்கமும் சரிதா போட்டதுதான்.

ஆள் சேர்ந்ததும் சோதித்தாள். முருகையனின் முதல் வார ரத்தம் இருந்த குழி வெளிர்மஞ்சள். அடுத்த வாரத்தது எலுமிச்சை. கடைசி வாரத்தது பழுத்த மாம்பழம்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே" என்றார் வார்டு டாக்டர் கமலக்கண்ணன். அன்றே மருந்தை மாற்றினார்.

சரிதா வார்டு வாசலுக்குப் போய் மணியம்மாளிடம் சொன்னாள். "எறங்கலம்மா. ஏறியிருக்கு. நான் பாக்காமலே சொல்லிட்டேன்."

மணியம்மாள் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். "இருமல் சாஸ்தியாயிடுச்சுன்னு பெரிய டாக்டருகிட்ட சொல்ல வாயெடுத்தேன். எண்ணுதான் எறங்குதே, நமக்கு என்ன தெரியும்னு மூடிக்கினேன்."



அடுத்த வாரம் முருகையனின் ரத்தம் வந்த கையோடு பட்டையைப் பிரித்தாள். சோதனைப் பொருட்களைத் தரும் ஸ்டோர் ஆதிமூலம் சிரித்தார். "ஒரு ஆளுக்கேவா மேடம்? பஸ்ஸு ரொம்பலியே!"

"காலியாவே போவட்டும்."

மணியம்மாள் கதவருகே வந்து நின்றாள். "எறங்கிச்சா?"

"இன்னும் தெரியாதும்மா. உக்காருங்க."

மஞ்சள் மெல்ல ஊறியது. கருவி எண்ணைக் காட்டியது. போன தடவை இருந்த அதே இடம்.

"ஏறல. எறங்கவும் இல்ல."

"இது பாத்துச் சொல்றதுதானே?"

"பாத்துதாம்மா."