ரெட்டைக் குழல்

வலது தோள் விடிவதற்குள்ளேயே வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது. சட்டைக்குள் கையை நுழைக்க கஸ்பர் இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முப்பத்தோரு வருஷம் கவ்வாத்து வெட்டிய தோள் அது. தேயிலைச் செடியின் தலையைப் பட்டை கிழியாமல், சாய்வாக, ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அடுத்த செடி. அதற்கடுத்த செடி. மலை முடிந்தால் அடுத்த மலை. வேலையிலிருந்து நின்று எட்டு மாதமாகிறது. கத்தியைத் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு வந்தார். வலியை அங்கே யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

மனைவி மரியநாயகி அடுப்படியிலிருந்து வந்தாள். முழங்கால் விட்டுப்போய் அவளும் மூன்று வருஷமாக வீட்டில்தான். சட்டையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்து அவர் கையை உள்ளே தள்ளினாள்.

"ஒரு சட்டையப் போட்டுக்க முடியல. இந்தத் தோள்ல துவக்கு வச்சி சுடப் போறாராம்."

"சட்ட வேற, துவக்கு வேற."

"ஆமா. சட்ட ரெண்டாயிரம். துவக்கு நாலே கால் லச்சம். நாலே கால் லச்சத்துக்குக் கெழங்கு திங்கிற பன்னி இந்த நோர்வூட் பக்கமே கெடையாதுங்க. கம்பி வேலி போட்டா அதுல கால்வாசிகூட ஆவாது."

வேலி போட்டவர்களின் கதை கஸ்பருக்குத் தெரியும். கம்பிக்குக் கீழே மண்ணைக் கிளறிக்கொண்டு பன்றி உள்ளே வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் குத்தகை நிலத்தில் கிழங்கு திரண்டு, இன்னும் பத்து நாளில் தோண்டலாம் என்று இருந்தபோது, ஒரே ராத்திரியில் பாதிப் பாத்தி போனது. அடுத்த ராத்திரி வந்து மீதியையும் முடித்தன. காலையில் போய்ப் பார்த்தபோது மாடு பூட்டி உழுத நிலம் மாதிரி கிடந்தது. அன்றைக்குத்தான் துவக்கு என்ற சொல் அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்தது. பயிரைக் காக்கத் துவக்கு வைத்துக்கொள்ளும் அனுமதிக்காக நுவரெலியாக் கச்சேரி அலுவலகத்துக்கும், கிராம சேவகரிடமும், பொலிஸுக்குமாகப் பதினாலு மாதம் அலைந்தார். கடைசியில் கடிதம் வந்தது. வருஷ முடிவுக்குள் துவக்கு வாங்காவிட்டால் திரும்பவும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். கைக்கு வந்த ஓய்வுப் பணத்தில் ஏறக்குறைய பாதியை அது விழுங்கிவிடும்.

லயத்து வரிசை வீடுகளுக்குள் விஷயம் பரவி ரொம்ப நாளாகிவிட்டது. வாங்காத துவக்கில் சுடாத பன்றியைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். முன்னங்கால் தனக்கு என்று பக்கத்து வீட்டுச் சுதாகரன் போன மாதமே சொல்லி வைத்துவிட்டான். துவக்குக்காரர் என்றால் கூப்பிட்டவுடன் எல்லார் பாத்திக்கும் போக வேண்டியிருக்கும் என்று மரியநாயகி முனகினாள். கஸ்பருக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. ஆயுள் முழுக்க, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கூப்பிட்டு இவர் ஓடியிருக்கிறார். ஊர் கூப்பிட்டு, தோளில் துவக்கோடு மெதுவாக நடந்து போவது வேறு.

பனி விலகும் முன்பே அவர் பாத்திக்கு வந்துவிட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு வீரபத்திரனின் வேன் கீழ் ரோட்டில் வந்து நின்றது. கொட்டகலைக் கடைவீதியில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். கஸ்பரின் கிழங்கை வாங்குகிறவரும் அவர்தான். அவர் விற்க வந்த துவக்கு நாலு மாதத்துக்கு முன் ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கியது. இப்போது மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போகிறார். துவக்கைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

உறையிலிருந்து எடுத்து நீட்டியபோது கஸ்பர் இரண்டு கையாலும் வாங்கினார். பக்கம் பக்கமாக இரண்டு குழல், எண்ணெய் மினுக்கத்தோடு, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. கட்டை தேன் நிறம். கவ்வாத்துக் கத்தியைப் பார்ப்பது போலவே உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். முன்னாலும் இழுக்கவில்லை, பின்னாலும் இழுக்கவில்லை. இரும்பை அறிந்த கை அது. நல்ல சாமான் என்று உடனே சொல்லிவிட்டது.

"விசை ரெண்டு இருக்கு, பாத்துக்குங்க கஸ்பரு. முன்னால இருக்கிறது வலக் கொழலு. பின்னால இருக்கிறது எடக் கொழலு."

"எனக்குத் தெரியாதாங்க? நாலு வருஷம் தோட்டத்துக் காவலுக்குத் துவக்கோட நின்னவன்."

"அது ஒத்தக் கொழலு."

"சுடுறது ஒன்னுதானுங்க."

வீரபத்திரன் இரண்டு தோட்டாவைப் போட்டு மூடிக் கொடுத்தார். நாற்பதடி தள்ளிக் கட்டை மேல் பால்மா டின் ஒன்றை வைத்திருந்தார்கள். கஸ்பர் வலது தோளில் பதித்து முன்விசையை இழுத்தார். மலை இடிந்த மாதிரி சத்தம். டின் பறந்தது. தோளுக்குள் யாரோ கடப்பாறையைச் செருகித் திருகினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி?"

"பூ மாதிரி இருக்குங்க," என்றார் கஸ்பர், புகையைக் குறை சொல்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீரபத்திரனின் போன் அடித்து அடித்து நின்றது. மலை மேல் சிக்னல் சரியில்லை. "நாளைக்கு ஏத்துற லொறிக்காரன். கீழ போய்ப் பேசிட்டு வந்துர்றேன். எடக் கொழல்ல இன்னும் ஒன்னு இருக்கு, கவனம். யோசிச்சி வைங்க." பாதுகாப்புத் தட்டைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கஸ்பர் வரப்பில் உட்கார்ந்தார். துவக்கு மடியில். மூன்று மணி மூடுபனி ஓடையிலிருந்து ஏறி வந்து முதலில் தேயிலையை மூடியது, பிறகு சவுக்கு மரங்களை, பிறகு பாத்தியின் மறு ஓரத்தை. நாலே கால் லட்சம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். டின்னில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தார். வாங்கிவிடலாம் என்றுதான் பட்டது. தோள் பழகிக்கொள்ளும். எதற்குத்தான் அது பழகவில்லை?

அப்போது மேல் ஓரத்தில் மானாப்புல் அசைந்தது.

கஸ்பர் அசையவில்லை. புல்லை வேரோடு பிடுங்குகிற சத்தம். கனத்த மூச்சு. பனி ஒரு இழை விலகியபோது கறுப்பாக, ஈரமாக, கூன் விழுந்த ஒரு முதுகு தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. பட்டப்பகலில் வருகிற அளவுக்குத் துணிச்சல் வந்துவிட்டதா என்று நினைத்தார். ஆளாக இருக்குமோ என்றும் ஒரு நொடி யோசித்தார். மூன்று மணிக்கு இந்த மலையில் ஏது ஆள்? பெண்கள் எல்லாரும் கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசையில் நிற்கிற நேரம். முப்பத்தோரு வருஷத்துக் கணக்கு அது, தப்பாது.

துவக்கைத் தூக்கினார். தோள் அலறியது. அவர் அதைக் கேட்கவில்லை. தட்டை முன்னால் தள்ளினார். கறுப்பு முதுகின் நடுவில் குழல் முனையை நிறுத்தினார். விரல் எப்போதும் போகிற இடத்துக்குத் தானாகப் போனது. இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. விசை செத்த பாம்பின் வால் மாதிரித் தளர்ந்து பின்னால் வந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. முன்விசை வலக் குழல். அதில் வெடித்துப்போன தோட்டாதான் இருக்கிறது. உயிருள்ளது இடக் குழலில். விரலைப் பின்விசைக்கு நகர்த்தினார்.

"த்தூ! சனியன் புடிச்ச அட்டை!"

பன்றி இரண்டு காலில் எழுந்து நின்றது. தலையிலிருந்து முதுகு வரை போர்த்திய கறுப்புப் பொலித்தீன், இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் புல்லறுக்கும் அரிவாள். ஒரு காலைத் தூக்கிக் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்துகொண்டே இன்னும் நாலு வசவு வைதது.

லயத்துக் கடைசி வீட்டுச் சிலம்பாயி.

கஸ்பர் துவக்கை மடக்கித் திறந்தார். எப்படித் திறந்தார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு தோட்டாவும் மண்ணில் விழுந்தன. ஈரப் பாத்தியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடடே, கஸ்பரு அண்ணனா? இங்க என்னா பண்றீங்க? வெடிச் சத்தம் கேட்டிச்சி, யாரோ பட்டாசு போடுறாங்கன்னு நெனச்சேன்." அவள் இறங்கி வந்தாள். "என்னாண்ணே, மொகம் இப்புடி வெளுத்துப் போயிருக்கு?"

"நீ... நீ இன்னைக்கு வேலைக்குப் போவலியா?"

"போயாவுக்கு எவன் பேரு போடுறான்? வேலைய விட்டா நாளு கெழம எல்லாம் மறந்துருமா?"

போயா. பௌர்ணமி விடுமுறை. விடியற்காலையில் ஃபெக்டரிச் சங்கு ஊதவில்லை. காது அதைக் கவனித்திருந்தது. இவர்தான் கவனிக்கவில்லை. லொறி ஏற்றாத நாள் என்பதால்தான் வீரபத்திரனே கடையை விட்டு வந்திருக்கிறார். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகாத எட்டு மாதத்தில் எல்லா நாளும் ஒரே நாளாகிவிட்டிருந்தது.

அவர் சிலம்பாயியைப் பார்த்தார். மூக்குத்தி இருந்த இடத்தில் இருந்தது. பல்லில் வெற்றிலைக் கறை இருந்தது. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்தில் மெல்லிசாக ஒரு கோடு ரத்தம் இறங்கியது. அவ்வளவுதான் ரத்தம். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"பன்னி சுட வந்தவரு பயந்து போய் உக்காந்திருக்காரு பாரு," என்றாள் சிலம்பாயி. "மரியநாயகி அக்காகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு, சொல்லு. நல்லாச் சொல்லு."

மடியிலிருந்த போத்தலைத் திறந்து ஆறிப்போன பிளேன்டீயைக் குடிக்கக் கொடுத்தாள். பாதியை அவர் சட்டையில் கொட்டிக்கொண்டதைப் பார்த்தவுடன் அவள் கேலி நின்றது. "எந்திரிங்க, ஒடம்புல சீனி கீனி கொறஞ்சிருக்கும். நான் கூட வர்றேன்." கட்டி வைத்த புல்லை மேலேயே விட்டுவிட்டு, அவருடைய இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வலது கையில் திறந்த துவக்கு தொங்கியது. வழியில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் வாயெடுத்தார். அவள் மாட்டுக்கு மடி வீங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வேனருகே வீரபத்திரன் போனை அணைத்தார். "என்னா கஸ்பரு, முடிவு?"

"வேணாங்க."

"நாலு லச்சம் போட்டுக்குவோம். ஒங்களுக்காக."

"சும்மா குடுத்தாலும் வேணாங்க. சாமான்ல ஒரு கொறையும் இல்ல. தோளு தாங்கலீங்க."

நீட்டிய துவக்கை வீரபத்திரன் வாங்கிக்கொண்டபோது, கஸ்பருக்குத் தோளிலிருந்து கொழுந்துக் கூடை இறங்கிய மாதிரி இருந்தது. அன்றைய நாளில் முதல் முறையாக வலது கையை வலியில்லாமல் கொஞ்சம் உயர்த்த முடிந்தது. பன்றி வரட்டும். டின்னைத் தட்டி விரட்டுவோம். பாதி தின்றால் பாதி மிஞ்சும்.

வீட்டில் மரியநாயகி அவர் வெறுங்கையைத்தான் முதலில் பார்த்தாள். தேத்தண்ணியில் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடச் சீனி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "கம்பிய மண்ணுக்குக் கீழ ஒரு அடி பொதச்சிப் போடணுமாம். நோர்வூட் கடக்காரன் சொன்னான்," என்றாள்.

"போடுவோம்," என்றார் கஸ்பர்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது இரைகிற இரைச்சலுக்கு நடுவே, லயத்துக் கடைசித் தொழுவத்திலிருந்து மாடு கத்துவது கேட்டது. நிறுத்தி நிறுத்தி, பசித்த கத்தல்.

"அந்த மாடு என்னாத்துக்கு இந்தக் கத்து கத்துது?" என்றாள் மரியநாயகி.

கஸ்பர் கோப்பையைக் கீழே வைத்தார். மேலே, பாத்தியின் ஓரத்தில், கறுப்பு முதுகு குனிந்து நின்ற இடத்தில், கட்டிய புல் மழையில் நனைந்துகொண்டிருக்கும். சிலம்பாயிக்கு அவர் ஒரு கட்டுப் புல் கடன்.