வெளிநாடு போகாத கோல்கீப்பர்

லாண்டரிக்காரனுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கடையின் பின்பக்கக் கம்பியில், வாங்கிப் போக ஆள் வராத கோட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகத் தொங்கின. அதில் ஒரு கோட்டின் சொந்தக்காரர் குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார் என்பது ஊருக்கே தெரியும். "திடீர்னு வந்து நின்னா என்ன பதில் சொல்றது?" என்பான். இப்படிப்பட்டவன் கையில் ஒரு ஹாக்கி அணியைக் கொடுத்து, யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று முடிவு பண்ணச் சொன்னார்கள். கொடுத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

அணி என்றால் நிஜ அணி இல்லை, கம்ப்யூட்டரில் ஓடுகிற அணி. ஊர் ஹாக்கி கிளப்பில் ஆடுகிற ஆண்களும் பெண்களும்தான் அதில் ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவருடைய திறமைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு உள்ளே ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொத்தானை அழுத்தினால் போதும், கம்ப்யூட்டரே ஆட்டத்தை ஆடி, 'பந்து வலப்பக்கம் போகிறது', 'கோல்!' என்று வரி வரியாக எழுதிக் காட்டும். பஸ் டிரைவருக்கு ஓர் அணி, பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு ஓர் அணி என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அணியை வைத்திருக்கிறவர்தான் அதற்கு மேனேஜர், எல்லா அணியும் சேர்ந்தால் லீக். லாண்டரிக்காரனின் அணிக்குப் பெயர் 'நீராவி'. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவன் தங்கையின் அணிக்குப் பெயர் 'கிளட்ச்'. அண்ணன் தங்கை பாசமெல்லாம் சனிக்கிழமையோடு சரி.

நிஜத்தில் ஒருவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அவருடைய மேனேஜர் 'ஓய்வு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். சீசன் முடிந்ததும் அவர் பெயர், போட்ட கோல், தடுத்த கோல் எல்லாம் அழிந்துபோகும். வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு 'வெளிநாடு' என்று இன்னொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஆட்டக்காரர் களத்தில் இறங்க மாட்டார், அணியை விட்டும் போக மாட்டார். வயதும் ஏறாது, திறமையும் இறங்காது, திரும்பி வரும்வரை அப்படியே இருப்பார். நிஜ வாழ்க்கையில் யாருக்கும் கிடைக்காத சௌகரியம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் லாண்டரிக்காரனின் மனைவி ஹாக்கியை நிறுத்தினாள். ஊர் கிளப்பின் கோல்கீப்பர் அவள். அவள் நின்றால் எதிரணிக்காரர்களுக்குக் கை கால் உதறும். அவள் போடும் சத்தத்தில் சொந்த அணிக்காரர்களுக்கும் உதறும். ஒரு நாள் வந்து, முழங்கால் வலிக்கிறது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலையும் கூடிவிட்டது, போதும் என்றாள். காலில் கட்டும் பேடுகளைக் கிளப்புக்கே கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்று லாண்டரிக்காரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'ஓய்வு' பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்த முடியவில்லை. பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தான். அன்றிலிருந்து, தினமும் காலையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற மனைவி, லீக் கணக்கில் மட்டும் வெளிநாட்டில் இருந்தாள்.

லீக்கின் செயலாளர் மாறும்வரை இது யார் கண்ணிலும் படவில்லை. புதுச் செயலாளர் பல் டாக்டர். சொத்தை என்று தெரிந்தால் வேரோடு பிடுங்காமல் விடமாட்டார். ஒரு புதன்கிழமை தன் வெள்ளைக் கோட்டுகளைக் கவுன்டரில் போட்டுவிட்டு, லாண்டரிக்காரன் ஒவ்வொரு காலரிலும் சீட்டுக் குத்தி முடிக்கிற வரைக்கும் நின்றார்.

"உங்க அணியில ஒரு கோல்கீப்பர் ஏழு வருஷமா வெளிநாட்டுல இருக்காங்க, இல்ல?"

"ஆமா டாக்டர். ரொம்ப தூரம்."

"போன வாரம் எனக்கு ரத்தம் எடுத்தது அவங்கதான்."

லாண்டரிக்காரன் குத்தி முடித்த சீட்டையே மறுபடி குத்தினான். "லீவுல வந்திருப்பாங்க" என்றான்.

"தினமும் லீவுல வர்றாங்களா?" டாக்டர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க. ஓய்வுன்னு போட்டீங்கன்னா அழிச்சிடறேன். இல்ல, திரும்பி வந்துட்டாங்கன்னு போடுங்க. ஆனா திரும்பி வர்றவங்க அவங்களே வந்து சம்மதம் சொல்லணும், மைதானத்துல ஆடிக் காட்டிப் புது மதிப்பெண் வாங்கணும். எந்த அணிங்கறதையும் அவங்கதான் சொல்லணும். விதி அப்படி."

அவர் போன பிறகு லாண்டரிக்காரன் ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தான். அழித்தால் அவள் கோலில் நின்ற ஆட்டமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அவளிடம் கேட்டாலோ ஏழு வருஷப் புளுகு வெளியே வந்துவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டிவியில் ஹாக்கி வந்தாலே எழுந்து போகிறவள் அவள். அந்தப் பேச்சை எடுத்து அவள் மனசை நோகடித்துவிட்டால்? மனைவி மனசு நோகக் கூடாது என்பதில் அவனுக்கு எப்போதும் அவ்வளவு அக்கறை. வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பெயர்தான் அக்கறை என்று எவனோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

வியாழக்கிழமை பாத்திரம் முழுவதையும் அவனே கழுவினான். வெள்ளிக்கிழமை அவள் செருப்புக்கு வார் தைத்து வாங்கி வந்தான். அவள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே" என்று அசடு வழிந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை சாப்பிட வந்தாள். அவளுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு ஊரில் தெரியாத விஷயம் கிடையாது. பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் எல்லாவற்றையும் உளறிவிடுவார்கள், அந்த வாரம் பல் டாக்டரின் சம்சாரம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். தட்டில் முதல் கரண்டி விழுவதற்குள் தங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, வெளிநாட்டுலேருந்து எப்ப வந்தீங்க? எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வரலையா?"

"எந்த வெளிநாடு?"

லாண்டரிக்காரன் மேஜைக்கு அடியில் தங்கையின் காலை மிதித்தான். மிதித்தது மனைவியின் கால். அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? தங்கை ஒன்று விடாமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள், கையைக் கழுவினாள், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"காட்டுங்க" என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். ரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"பெனால்டி ஸ்ட்ரோக் தடுக்கறதுல அறுபத்திரண்டு. இது யார் போட்ட மார்க்கு?"

"மேனேஜர்தான் போடணும் அண்ணி" என்று தங்கை எடுத்துக் கொடுத்தாள்.

"இல்ல... பொண்டாட்டிங்கறதுக்காக அள்ளிப் போட்டுட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு... கொஞ்சம் குறைச்சு..."

"கொஞ்சமா? வாட்ச்மேனோட கோல்கீப்பருக்கு எழுபது போட்டிருக்கு! ஸ்ட்ரோக்குன்னா அவன் கண்ணை இறுக்கி மூடிக்குவான். அவனுக்குக் கீழயா நான்?"

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் நிறுத்தப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

"ஆமா, சரின்னீங்க. அத்தனை வருஷம் கோல்ல நின்னவ போறேங்கறா. வேணாம்னு கிளப்புல ஒருத்தரும் சொல்லல. வீட்டுலயாவது சொல்வாங்கன்னு பாத்தேன், அதுவும் இல்ல. நான் இருந்தா என்ன, போனா என்னன்னுதான் நினைச்சுக்கிட்டேன். நீங்க என்னடான்னா, எங்கிட்ட சொல்ல வேண்டியதை இந்தப் பெட்டிக்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க."

தங்கையின் சிரிப்பு நின்றது. மனைவிக்கு நோகக் கூடாது என்று லாண்டரிக்காரன் மூடி வைத்த வாய்தான் ஏழு வருஷமாக அவளை நோகடித்திருக்கிறது. "நீ முடிவு பண்ணிட்டேன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வரேன்னு அந்த டாக்டருக்குச் சொல்லிடுங்க."

"எதுக்கு? உன் முழங்கால்..."

"முழங்காலை நான் பாத்துக்கறேன். அழியறதா இருந்தாலும் அறுபத்திரண்டோட அழிய நான் தயாரா இல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப்பின் சாமான் அறையிலிருந்து பேடுகளை எடுத்து வந்தார்கள். வியர்வை நாற்றம் ஆளைத் தூக்கியது. தொழில்காரன் அல்லவா, அவற்றைத் துடைக்காமல் மனைவியின் காலில் கட்ட லாண்டரிக்காரன் விடவில்லை. சோப்புத் தண்ணீரும் துணியுமாக உட்கார்ந்துவிட்டான். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஸ்ட்ரோக் என்றால் கோலுக்கு நேர் எதிரே பந்து, நடுவில் தடுக்க ஆள் கிடையாது, அடிக்கிறவரும் கோல்கீப்பரும் மட்டும்தான். ஐந்து ஸ்ட்ரோக் என்று முடிவாயிற்று. அடிப்பது யார்? தங்கைதான். ஒரு காலத்தில் கிளப்பின் முன்வரிசையில் ஆடியவள், மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் தூக்கிவிட்டால் பார்க்கிறவர்களுக்கே பந்து தெரியாது.

முதல் பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. மனைவி அசையவே இல்லை. இரண்டாவது அவள் கைக்கு அடியில் நுழைந்து போனது. டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். லாண்டரிக்காரன் எல்லைக் கோடு வரைக்கும் வந்துவிட்டான். "கண்ணு, நாத்தனாருக்கா பயப்படறே?" என்று கத்தினான். அவனுக்கே அந்தச் சத்தம் புதுசாக இருந்தது.

மூன்றாவது பந்து தாழ்வாக வந்தது. அவள் இடது கால் எங்கிருந்தோ பாய்ந்து அதை உதைத்து வெளியே தள்ளியது. நான்காவதைக் கையுறையால் தட்டிவிட்டாள். தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு வலப்பக்கம் அடிப்பதுபோல் பாவனை காட்டி இடப்பக்கம் விட்டாள். மனைவி உடம்பு முழுவதையும் தூக்கிப் பக்கவாட்டில் போட்டாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. லாண்டரிக்காரன் வேட்டுச் சத்தம் கேட்டவன்போல ஓடினான்.

"வலிக்குதா? எங்க வலிக்குது?"

"பந்து எங்க?" என்றாள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

பந்து அவள் வயிற்றுக்கு அடியில் இருந்தது.

"எழுபத்தெட்டு" என்றார் டாக்டர்.

"எண்பத்தஞ்சு!" என்றான் லாண்டரிக்காரன்.

"நீங்க பேசக் கூடாது. அவங்க உங்க மனைவி."

"எம் பொண்டாட்டிங்கறதாலதான் பேசறேன்! எண்பத்தஞ்சு!"

பேரம் எண்பதில் முடிந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். "அணி எது? நீராவிதானே?"

மனைவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை. "அவர் ஏதாவது சொல்றாரான்னு பாக்கறேன்" என்றாள்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அணிக்கு நீ தேவை, அது இது என்று ஏதேதோ வாய்வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "போகாத" என்றான். "அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ கோல்ல நிக்கறதைப் பாக்கத்தான் நான் மைதானத்துக்கே வருவேன். நீ நிறுத்தினதுக்கப்புறம் ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வரல. எனக்குப் பிடிக்கல. போகாத."

அவள் கையுறையின் பின்பக்கத்தால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது வியர்வை மட்டும் இல்லை என்று தங்கைக்குக்கூடத் தெரிந்தது.

"சொல்லிட்டீங்க. அது போதும்" என்றாள். டாக்டரிடம் திரும்பினாள். "கிளட்ச்னு எழுதிக்குங்க."

"என்னது?"

"அறுபத்திரண்டு போட்ட மேனேஜர்கிட்ட யாராவது ஆடுவாங்களா? வீட்டுல உங்ககூடத்தான இருக்கேன்."

தங்கை அண்ணியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

அன்று சாயங்கால ஆட்டம், வேறு என்ன, நீராவிக்கும் கிளட்சுக்கும்தான். மூவரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கிளட்ச் ஒரு கோல் முன்னணியில் இருந்தது. கடைசி நிமிஷத்தில் 'நீராவிக்குப் பெனால்டி ஸ்ட்ரோக்' என்று வந்தது. லாண்டரிக்காரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வரி வந்தது: 'தடுத்துவிட்டார்!'

"பாத்தியா! பாத்தியா!" என்று துள்ளி எழுந்து கை தட்டினான்.

"அண்ணே, தோத்தது நீங்க" என்றாள் தங்கை.

"தெரியும் போ" என்றான். கைதட்டல் மட்டும் நிற்கவில்லை.

மனைவி முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில வேலை எதுவும் வெச்சுக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"இன்னிக்கு மத்தியானமே கிளப்புல பேர் குடுத்துட்டேன். நிஜ ஆட்டத்துக்கு. பழகறதுக்கு ஸ்ட்ரோக் அடிக்க எனக்கு ஆள் வேணும்."

"எனக்கு அடிக்கத் தெரியாதே."

"எனக்குத் தெரியாதா அது? அவ அடிப்பா. நீங்க கோலுக்குப் பின்னாடி நின்னு, காலையில கத்தின மாதிரி கத்துங்க."