சாவுக்கு இடமில்லாத தீவில் ஒரு கம்பெனி

சீப்பு முதலாளியின் நாடித்துடிப்பு ஒரு வியாழக்கிழமை காலை நின்றுபோனது. மத்தியானம் அவர் வழக்கம்போலச் சாப்பாட்டில் உப்பில்லை என்று கத்தினார். டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், "ஆள் போயாச்சு" என்றார். "எவன்யா போனது?" என்று முதலாளி எகிறினார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

காரணத்தை வக்கீல்தான் சொன்னார். சீப்புப் பட்டறையைக் கம்பெனியாக்கியபோது, எங்கே பதிவு செய்யலாம் என்று அவர் மூன்று இடங்களைச் சொல்லியிருந்தார். சொந்த ஊரில் வரியே ஆளைத் தின்றுவிடும். பக்கத்து நாட்டில் வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். மூன்றாவது, கடலுக்கு நடுவே ஒரு தீவு. வரி கிடையாது. அங்கே சட்டம் எழுதிய காலத்தில் அதுவரை யாரும் சாகவில்லை என்பதால், முதலாளி செத்தால் என்ன செய்வது என்றும் எழுதவில்லை. கம்பெனி அங்கே இருக்கும்வரை முதலாளி முதலாளிதான். வேறு யாராவது என்றால் இரண்டு நாள் யோசித்திருப்பார்கள். இவரோ பெற்ற பிள்ளைகள் தன் நாற்காலிமேல் கண் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர். "அங்கேயே போடுய்யா! எவன் என்னை நாற்காலியை விட்டு எழுப்பறான்னு பாக்கறேன்" என்று மேஜையைத் தட்டினார்.

உயிர் தீவின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உடம்புக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை, பாவம், அது தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. விரல்கள் கறுத்தன. துடைத்தால் தோல் துணியோடு வந்தது. மூட்டுக்கு மூட்டு வலி மட்டும் குறையவே இல்லை. பட்டறைக்கு மேல் இருந்த அறையில், கடைசிப் பிள்ளையான மகள்தான் அவரைப் பார்த்துக்கொண்டாள். எறும்பு ஏறாமல் கட்டில் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பாள். நாற்றத்துக்கு ஜன்னலைத் திறந்தால் தெருவில் திட்டுவார்கள், மூடினால் அவளுக்கே குமட்டும். "என்னை விட்டுடும்மா. பெத்தவன் கெஞ்சறேன்" என்பார் அவர். "நான் இருக்கேன்பா. எப்படியாவது அனுப்பி வச்சுடறேன்" என்பாள் அவள்.

வழி இருந்தது. கம்பெனியைச் சொந்த ஊர்ப் பதிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த நிமிஷமே அவர் போய்ச் சேரலாம். செத்தவர் கையெழுத்து சொந்த ஊரில் செல்லாது என்பதால், அதற்கு மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். "வரி கட்டியே ஓட்டாண்டி ஆயிடுவோம்" என்றான் பெரியவன். சின்னவன் கொஞ்சம் பொறுத்து அதையே சொன்னான். அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "மனுஷங்களாடா நீங்க? அவரு பல்லு ஒண்ணொண்ணா உதிருது, உங்களுக்கு வரிதான் பெரிசா?" என்று ஆபீஸ் தரையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். வாயை அடைக்க வேண்டுமே என்று அண்ணன்கள் பட்டறைப் பொறுப்பை அவள் தலையில் கட்டினார்கள்.

அங்கேதான் அவர்கள் கோட்டை விட்டார்கள். அவளுக்குத் தொழில் கைவந்தது. பிளாஸ்டிக் காய்கிற வாசனையிலேயே சீப்பின் பல் உடையுமா நிற்குமா என்று சொல்லிவிடுவாள். பேன் சீப்பைப் புதிதாகப் போட்டாள், அது சக்கைப்போடு போட்டது. புருஷன் வீட்டில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவளை இப்போது லாரி டிரைவர்கள்கூட எழுந்து நின்று 'மேடம்' என்றார்கள். சில வருஷங்களில் அண்ணன்களுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. திடீரென்று அப்பாமேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நேரே மாடிக்கே கொண்டுவந்தார்கள்.

"இத்தனை நாள் கேட்டியே, போடு" என்றான் பெரியவன். வரியைக் கட்டினால் பட்டறை ஆறு மாதம் தாங்காது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கிழவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சலவைச் சட்டை கேட்டார். அவளே எலும்பு நோகாமல் போட்டுவிட்டாள், பொத்தானை மாட்டினாள், பேனாவையும் கையில் எடுத்தாள். கீழே அந்த வாரம்தான் வந்து இறங்கிய புது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்த சீசன் முடியட்டும்பா" என்றாள்.

"அம்மா, போடும்மா. ஒரே ஒரு கையெழுத்து. வலிக்குதும்மா."

அவள் அழுதாள். பொய்யாக அல்ல, நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே பேனாவை மூடினாள், அவர் வாயைத் துடைத்துவிட்டாள், கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

அதன் பிறகு எத்தனையோ சீசன் வந்து போய்விட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாள் மாடியிலிருந்து வரும் முனகலைக் கேட்டு மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். "முதலாளிதான், கண்டுக்காதீங்க" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார், அதோடு சரி. சத்தம் அதிகமானால் மேடம் மிஷினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். சீப்பு நன்றாக விற்கிறது.